குலுக்கத்தை எதிர்பார்த்து நிற்காதீர்கள்

"சுமாத்திராப் பக்கம் கடலடியில நிலம் மெதுவா நகருதாம், பெரிய பூமியதிர்ச்சி வரப்போகுதாம்." வாட்ஸ்அப்பில் இப்படியொரு குரல்பதிவு சுற்றினால் திருகோணமலைக் கரையில் நிலாவெளி முதல் வெருகல் வரை பலருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும். 2004 சுனாமியைக் கண்ட கரை இது, அச்சம் நியாயமானது. ஆனால் அந்தச் செய்தியின் முற்பாதி உண்மையாக இருக்கலாம். பிற்பாதியை யாராலும் சொல்ல முடியாது.

பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளால் ஆனது. சுமாத்திராவுக்கு அப்பால் இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வீதம் அடுத்த தட்டின் கீழ் புகுந்துகொண்டிருக்கிறது. இரண்டும் உரசும் பிளவின் மேற்பகுதி இறுகிக் கிடக்கும். பல இடங்களில், 30, 40 கி.மீ. ஆழத்தில் கதை வேறு. அங்கே பாறை சூடேறி, அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர் பிளவுக்குள் அழுத்தத்தோடு தேங்கி, பிடியைத் தளர்த்திவிடும். அந்தப் பகுதி திடீரென்று உடையாது. நாட்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நழுவும். இதுதான் மெதுநழுவல்.

கனடாவின் வன்கூவர் தீவில் இது தெளிவாகப் பிடிபட்டது. எப்போதும் நிலப்பக்கமாகத் தள்ளப்பட்டுக்கொண்டிருந்த, நில நகர்வை அளக்கும் ஜிபிஎஸ் நிலையங்கள் 1999இல் சில வாரங்கள் கடல்பக்கமாகச் சில மில்லிமீற்றர் திரும்பி வந்தன. அங்கே ஏறத்தாழ 14 மாதத்துக்கு ஒருமுறை இது நிகழ்கிறது. வெளிப்படும் மொத்த அசைவை அளந்தால் 6.7 அளவுப் பூமியதிர்ச்சிக்குச் சமம். சாதாரணமாகப் பத்துப் பதினைந்து செக்கனில் முடிய வேண்டியது வாரக்கணக்கில் பரவுவதால், மேசையில் வைத்த தேநீர்கூடத் தளும்பாது.

ஆழத்தில் நழுவிய சுமை மேலே இறுகிய பகுதியில் ஏறும். ஆபத்து அங்கேதான். ஜப்பானின் 2011 பேரதிர்ச்சிக்கும் சிலியின் 2014 அதிர்ச்சிக்கும் முன்னர் மெதுநழுவல் பதிவானது. ஆனால் வன்கூவர் தீவில் 1999க்குப் பின் எத்தனையோ நழுவல்கள் வந்து போயின. பேரதிர்ச்சி எதுவும் வரவில்லை. ஆகவே திகதி குறித்து வரும் எந்தக் குரல்பதிவையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

சுமாத்திராவில் மெதுநழுவலுக்கான சான்று பவளத்தில் இருக்கிறது. நிலாவெளிக்கு அப்பால் புறாமலைத் தீவுப் பக்கம் வற்று நேரத்தில் பார்த்தவர்களுக்கு உயிர்ப்பவளம் நீர்மட்டத்துக்கு மேல் வளராது என்பது தெரியும். உச்சி வெயிலில் செத்துவிடும், பக்கவாட்டில் மட்டும் வளையம் வளையமாகப் பருக்கும். நிலம் தாழ்ந்தால் அடுத்த வளையம் உயரும், நிலம் எழுந்தால் இறங்கும். சிமெயுலுவே தீவின் பவளங்களை அறுத்து இந்த வளையங்களைப் படித்தபோது, 1829 முதல் 1861 வரை 32 ஆண்டுகள் நீடித்த ஒரு நழுவல் தெரியவந்தது. அது முடிந்தது 8.5 அளவிலான அதிர்ச்சியில்.

இதோடு குழப்பக்கூடாத இன்னொன்று இருக்கிறது. எங்கள் கரைக்கு அதுவே முக்கியம். சில அதிர்ச்சிகள், தட்டு அமிழத் தொடங்கும் ஆழ்கடல் அகழியை அண்டி, நிமிடக்கணக்கில் மந்தமாக உடையும். குலுக்கம் மென்மையாக இருக்கும், அலையோ பெரிதாக எழும். 2006இல் ஜாவாவின் பங்காண்டரானிலும் 2010இல் மெந்தாவாய் தீவுகளிலும் இதுதான் நடந்தது. பலமாகக் குலுங்கவில்லையே என்று இருந்தவர்களை அலை எடுத்தது.

திருகோணமலைக்கு அந்த மென்குலுக்கமும் தெரியாமல் போகலாம். சுமாத்திரா இங்கிருந்து சுமார் 1,600 கி.மீ. தொலைவு. 4 கி.மீ. ஆழமான கடலில் சுனாமி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் ஓடும், அதனால் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு மணிநேரம். அறிவித்தல் வந்து சேரும் நேரத்தை அதில் கழித்துவிடுங்கள்.

"கடல் உள்வாங்கினால் ஓடுவோம்" என்று காத்திருப்பதுதான் மிகப் பெரிய பிழை. 2004இல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் பின்வாங்கியது. பிளவின் மேற்குப் பக்கமான எங்களுக்கோ முதலில் வந்தது ஏறும் நீர். காரணம், கடலடி எழுந்த பக்கம் எங்களை நோக்கியது, தாழ்ந்த பக்கம் தாய்லாந்தை நோக்கியது. அடுத்த முறையும் கடல் உள்வாங்காமலே அலை வரலாம். முதல் அலையோடு முடியாது, பின்னால் வருவது பெரிதாகவும் இருக்கலாம்.

வளிமண்டலவியல் திணைக்களம் அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையம் (117) அறிவித்தால் உடனே புறப்படுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் களப்பும் ஆற்று முகமும் அலைக்கு வாசல். ஆற்றோரமாகவோ பாலத்திலோ நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். கரையில் நிற்பவர் படகைக் காப்பாற்றப் போகக்கூடாது. ஏற்கெனவே கடலில் இருப்பவர் கரைக்குத் திரும்பாமல் 200 மீற்றருக்கு மேல் ஆழமான பக்கம் போக வேண்டும். துறைமுகத்துக்குள் நீர்ச்சுழல் பல மணிநேரம் அடங்காது. எஞ்சினில் அத்தனை நேரத்துக்கும் எண்ணெய் இருக்கிறதா என்பதைக் காலையில் வள்ளம் தள்ளும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.