ரிப் தடிமன் 1.8: அடியிலா, நுனியிலா?

சின்ன வயதில் கொட்டாங்குச்சியில் ஈரமண்ணை அடைத்து இட்லி சுட்டிருப்பீர்கள். கவிழ்த்துத் தட்டினால் முழுசாக விழும். நேர்ச்சுவர் டப்பாவில் செய்து பாருங்கள், பாதி மண் உள்ளேயே நின்றுவிடும். கொட்டாங்குச்சி வாய்ப்பக்கம் விரிந்தது; மண் துளி நகர்ந்தாலே சுவரை விட்டு விலகிவிடுகிறது. நேர்ச்சுவரிலோ கடைசி வரை உரசிக்கொண்டே வர வேண்டும்.

பிளாஸ்டிக் மோல்டிலும் இதே பாடுதான். ஆறும் பிளாஸ்டிக் சுருங்கி உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். அதனால் மோல்டு திறக்கும் திசையில் சுவர்களுக்குச் சாய்வு கொடுக்கிறார்கள். அதுதான் டிராஃப்ட்; பட்டறையில் டேப்பர் என்போம். வழவழப்பான சுவருக்குப் பொதுவாக 1° போதும், சொரசொரப்பு வைத்தால் இன்னும் வேண்டும். 1° என்பது 100 மி.மீ. உயரத்துக்கு 1.75 மி.மீ. சாய்வு. கண்ணுக்கே தெரியாது, ஆனால் டிராயிங்கில் வம்பு இழுக்கும்.

ஒரு மூடியின் டிராயிங்கை எடுத்துக்கொள்வோம். சுவர் தடிமன் 3 மி.மீ. உள்ளே பலத்துக்காகச் சுவரிலிருந்து எழும் 25 மி.மீ. உயர மெல்லிய தகடு, அதாவது ரிப், அதன் தடிமன் 1.8 ± 0.1. ஓரத்தில் 'டிராஃப்ட் 1°' என்று ஒரு குறிப்பு. சரி, அந்த 1.8 எந்த இடத்தில்?

ரிப்பின் இரண்டு பக்கமும் சாய்வதால் அடிக்கும் நுனிக்கும் வித்தியாசம் 0.87 மி.மீ. அடியில் 1.8 என்றால் நுனி 0.93. நுனியில் 1.8 என்றால் அடி 2.67. இரண்டும் ஒரே டிராயிங்தான், பொருள் வேறு. ரிப்பின் அடி, சுவர் தடிமனில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். தாண்டினால் அங்கே சேரும் பிளாஸ்டிக் தாமதமாக ஆறி, சுருங்கி, வெளிப்பக்கத்தைக் குழியாக உள்ளே இழுக்கும்; இதுதான் சிங்க் மார்க். 2.67 என்றால் 89 சதவீதம், குழி நிச்சயம். வடிவமைத்தவர் அடியைத்தான் நினைத்திருப்பார். நினைத்ததை எழுதவில்லை, அவ்வளவுதான்.

(பக்கெட்டுக்கு இந்தத் தலைவலி இல்லை. உள்சுவரும் வெளிச்சுவரும் ஒரே பக்கம் சாய்வதால் தடிமன் மாறுவதில்லை.)

இப்போது இன்ஸ்பெக்ஷனில் இருப்பவர் வெர்னியரோடு (தடிமனைக் கவ்வி அளக்கும் கருவி) வருகிறார். ரிப்பின் அடியில் வளைவு இருக்கும், வெர்னியரின் வாய் அங்கே சரியாக உட்காராது. எட்டுகிற நுனியைப் பிடிப்பார். 0.93 காட்டும். உருப்படி சரியாக இருந்தும் ரிஜெக்ட்! அடியில் அளக்க வேண்டுமென்றால், வளைவு இல்லை என்று வைத்து ரிப்பின் முகத்தையும் சுவரின் முகத்தையும் நீட்டினால் சந்திக்கும் இடத்தில் என்றோ, அடியிலிருந்து இத்தனை மி.மீ. உயரத்தில் என்றோ டிராயிங் சொல்ல வேண்டும். அமெரிக்க வழக்கத்தில் அளவுக்குப் பக்கத்திலேயே பிளஸ் டிராஃப்ட், மைனஸ் டிராஃப்ட் என்று குறிப்பார்கள். முதலாவது, அந்த அளவிலிருந்து சாய்வு கூட்டிக்கொண்டு போகும் என்பது; இரண்டாவது, குறைத்துக்கொண்டு போகும் என்பது.

கோணத்துக்கும் டாலரன்ஸ் (± என்று அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1° ± 0.25° என்று வைத்துக்கொள்வோம். அடி 1.7 ஆகி, சாய்வு 1.25° ஆனால் நுனி 0.61. அடி 1.9, சாய்வு 0.75° என்றால் நுனி 1.25. அடியில் ± 0.1 ஆக இருந்தது நுனிக்குப் போவதற்குள் ± 0.32 ஆகிவிட்டது. அதனால் நுனிக்கும் அதே ± 0.1 கேட்பவர் கோணத்தையும் இறுக்க வேண்டும், அதற்குக் காசும் கொடுக்க வேண்டும்.

தடிமனை இறுக்கிப் பிடிப்பது கடினம் என்பதை, உலோகத்தை உருக்கி ஊற்றும் வார்ப்படத்தில் விதியாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 8062-3 தரநிலையில் சுவர் தடிமனுக்கு, மற்ற அளவுகளுக்கு உள்ளதைவிட ஒரு படி தளர்வான டாலரன்ஸ். சுவரின் ஒரு முகத்தை அச்சும் மறு முகத்தை கோரும் (உள்வெற்றிடத்துக்காக அச்சுக்குள் வைக்கும் துண்டு) உருவாக்கும்போது, கோர் கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடிக்குமே.

மோல்டு செய்பவர் இதே 1.8 ± 0.1-ஐ இன்னொரு விதமாகப் படிப்பார். ரிப்புக்கான பள்ளத்தை ஸ்டீலில் முதலில் 1.72 வரும்படி ஒல்லியாகவே எடுப்பார். போதவில்லை என்றால் ஸ்டீலை இன்னும் கொஞ்சம் எடுத்துவிடலாம். அகலமாகிவிட்டால் வெல்டு வைத்து மறுபடி கடைய வேண்டும்.