ஐரிஷில் 'பிரெஞ்சு ஆசிரியர்' யார்?

தமிழில் 'பிரெஞ்சு ஆசிரியர்' என்றால் அந்த மொழி கற்பிப்பவரும் ஆகலாம், பிரான்ஸ் நாட்டவரும் ஆகலாம். இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அயர்லாந்தின் மொழியான ஐரிஷில் இரண்டும் வேறு. மொழி கற்பிப்பவர் 'மூன்ட்யோர் ஃப்ரான்கிஷே'. நாட்டவர் 'மூன்ட்யோர் ஃப்ரான்கஹ்'. முன்னதில் இருப்பது மொழியின் பெயர், ஆறாம் வேற்றுமையில். பின்னதுதான் இடப்பெயரிலிருந்து வந்த பெயரடை. மொழிபெயர்ப்புகளில் மெய்ப்புப் பார்க்கும்போது அடிக்கடி திருத்த வேண்டியிருப்பது இதைத்தான்.

பெயரடைக்கு 'அஹ்' விகுதி. ஆனால் நாட்டின் பெயரோடு அப்படியே ஒட்டிவிட முடியாது. ஸ்பெயினுக்கு 'ஸ்பான்யஹ்', அங்கே இறுதி மெய்யின் மென்மை (இகரச் சாயல்) அப்படியே நிற்கிறது. ஸ்காட்லாந்தின் 'அலபன்', 'அலபனஹ்' ஆகும்போது அந்த மென்மை போய்விடுகிறது. ஊகிக்காமல் teanglann.ie என்ற இணைய அகராதித் தளத்தைப் பாருங்கள்.

அதே சொல் ஆளையும் குறிக்கும். ஒருமையில் வேறுபாடு தெரியாது, பன்மையில் பிரியும். பிரெஞ்சுக்காரர்கள் 'ஃப்ரான்கி', எழுத்தில் இறுதி ஏ-ஐ-ஜி-ஹெச், தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டர் பகுதிப் பேச்சில் அது 'இக்' என்று ஒலிக்கும். பிரெஞ்சு ஒயின்களோ 'ஃபீன்டா ஃப்ரான்கஹா'. ஒயினுக்கு முன்னதைப் போட்டால், பெயரடை இருக்க வேண்டிய இடத்தில் ஆட்கள் வந்து நிற்பார்கள்.

கற்பவர்கள் தடுமாறுவது முதலெழுத்தில். பெண்பால் பெயரை அடுத்து வரும் பெயரடையின் முதல் மெய் நெகிழும், அதாவது அதன் ஒலி மாறும் அல்லது மறையும். 'ப்யான்' என்றால் பெண். 'மெரிகானஹ்' மாறி அமெரிக்கப் பெண் 'ப்யான் வெரிகானஹ்', 'ஸஸனஹ்' மாறி ஆங்கிலேயப் பெண் 'ப்யான் ஹஸனஹ்'. பிரெஞ்சுப் பெண்ணுக்கு 'ஃப்' ஒலியே மறைந்து 'ப்யான் ரான்கஹ்' ஆகும். எழுத்தில் எஃப் இருக்கும், அதன்பின் ஒரு ஹெச் சேரும். 'ஸ்ப' மட்டும் அசையாது: 'ப்யான் ஸ்பான்யஹ்'. பன்மைப் பெயர் மேலே சொன்ன மென்மையான மெய்யில் முடிந்தாலும் இதே நெகிழ்ச்சி வரும்; பிரெஞ்சு ஆண்கள் 'ஃபிர் ரான்கஹா'. ஆனால் 'அவள் பிரெஞ்சுக்காரி' என்று பெயர்ச்சொல்லாகச் சொல்லும்போது சொல் ஆண்பாலாகவே நிற்கும், நெகிழாது.

அரசு, தூதரகம் போன்றவற்றுக்குப் பெயரடை வேண்டாம், நாட்டின் பெயரே ஆறாம் வேற்றுமையில் வரும். அயர்லாந்து அரசு 'ரியல்டஸ் ந ஹேரன்'.

இன்னொன்று, பெரிய எழுத்து. சிறிய எஃப்பில் தொடங்கினால் 'ஃப்ரான்கஹ்' என்பது எலி. உணவகப் பட்டியலை அழகுக்காக முழுவதும் சிறிய எழுத்தில் அச்சிடுபவர்கள் அந்த ஒயின் வரியை மட்டுமாவது மறுபடி பார்க்க வேண்டும்.