வருடம் முழுக்க ஓடும் சவாலா? முதலில் எப்போது நிறுத்துவது என்ற விதியை எழுதுங்கள்

புத்தாண்டில் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். ஒரு நாள்கூட விடாமல் ஓட வேண்டும். ஓடி முடித்ததும் செயலியில் காட்டும் தூரத்தைக் குழுவில் போட வேண்டும். பிப்ரவரி கடைசியில் அவர்களில் ஒருவர் நொண்டிக்கொண்டே என்னிடம் பிசியோதெரபிக்கு வருவார். உட்கார்ந்ததும், "மேடம், ஒரே ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓடிக்கலாமா?" என்பார். கால் வலிப்பதைவிட கணக்கு அறுந்துபோகுமே என்பதுதான் அவர் கவலை.

ஓடுவதை நான் குறை சொல்லவில்லை. அதிகாலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குத் தனியாகக் கிளம்பாதவர்கூட, கீழே நண்பன் காத்திருக்கிறான் என்றால் எழுந்துவிடுவார். சிக்கல் 'ஒரு நாள்கூட விடக்கூடாது' என்ற நிபந்தனையில்தான் இருக்கிறது.

ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே மூச்சும் இதயமும் பழகிவிடும். இரைப்பு குறைந்ததும் தூரத்தைக் கூட்டுகிறோம். ஆனால் எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். பளு ஏறும்போது எலும்பு பழைய பகுதியை முதலில் அரித்தெடுத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டுகிறது. இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் பலவீனமாகத்தான் இருக்கும். அப்போதும் தினமும் அதன்மேல் இடித்துக்கொண்டே இருந்தால் மயிரிழை விரிசல் விழும். முழங்காலுக்குக் கீழுள்ள முன்னங்கால் எலும்பிலும் பாதத்தின் நீள எலும்புகளிலும் இதை அதிகம் பார்க்கலாம்.

முன்னங்காலின் உட்பக்கம் நீளவாக்கில் பரவி, ஓடி உடம்பு சூடானதும் குறைகிற வலி பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுவின் அழற்சி. தூரத்தைக் குறைத்தாலே அது அடங்கத் தொடங்கும். விரல் நுனியால் ஒரே இடத்தில் அழுத்தினால் சுரீர் என்கிறதா, ஓட ஓட வலி கூடுகிறதா, ராத்திரி படுத்த பிறகும் வலிக்கிறதா? அப்படியானால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். "எக்ஸ்ரே நார்மல்தானே" என்று மறுநாளே ஓடுவது ஆபத்து. தொடை இடுக்கில் வலி என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொடை எலும்பின் கழுத்தில் விழுந்த விரிசல் முழு முறிவானால் அறுவை சிகிச்சைதான்.

மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்களுக்கு இந்த விரிசல் இன்னும் சுலபமாக வரும். உடல் எடை குறைகிறதே என்று மகிழ்ந்து, சாப்பாட்டையும் குறைத்துக்கொள்வதால் வரும் வினை இது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள், நாங்கள்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

காய்ச்சலோடு ஓடவே கூடாது. வைரஸ் காய்ச்சலில் சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சி இருக்கும். அந்த நிலையில் ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். மே மாத வெயிலில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதும் இப்படித்தான். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஓடியபின் சிறுநீர் டீ நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதையெல்லாம் சொன்னால், ரான் ஹில்லைக் காட்டுவார்கள். 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை தினமும் குறைந்தது ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர், ஓடிய இங்கிலாந்துக்காரர். உண்மைதான். ஆனால் அவர் ஒலிம்பிக்கில் ஓடியவர், 1970-இல் பாஸ்டன் மாரத்தானை வென்றவர். போன மாதம்வரை நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த காலுக்கு அவர் எப்படி அளவுகோல் ஆவார்? அவரும் கடைசியில் ஓடும்போது நெஞ்சு வலித்ததால்தான் நிறுத்தினார்.

அதனால் சவாலைத் தொடங்கும் முன் குழுவில் எல்லோரும் சேர்ந்து சில விதிகளை எழுதிவையுங்கள். ஒரு நாள் ஓட்டம், மறுநாள் இருபது நிமிட நடை. நடையும் கணக்கில் சேரும். காய்ச்சல் நாளும், வலியால் நடை மாறுகிற நாளும் ஓய்வு. அதுவும் கணக்கில் சேரும். வலிக்கிறது என்று யாராவது போட்டால், "சும்மா ஓடுடா, சரியாயிடும்" என்று யாரும் பதில் போடக்கூடாது. நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களும், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகே குழுவில் சேரட்டும்.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால், கூட ஓடுபவர் அவரை உட்கார வைத்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். அன்றைய தூரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.