மெடிட்டரேனியன் டயட்: நடுநிலக்கடல் உணவுமுறை

மெடிட்டரேனியன் டயட்: நடுநிலக்கடலோர நாடுகளில், குறிப்பாகக் கிரீட் தீவிலும் தெற்கு இத்தாலியிலும், 1950களிலும் 60களிலும் உழைப்பாளி மக்கள் சாப்பிட்டு வந்ததை மாதிரியாகக் கொண்ட உணவுமுறை. காய், கீரை, பழம், பயறு, முழுத்தானியம், கொட்டைப் பருப்புகள் அன்றாடம் உண்டு. சமையலுக்கு ஆலிவ் எண்ணெய். மீன் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. முட்டை, கோழி, தயிர், பாலாடைக்கட்டி அளவோடு. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, இனிப்பு எப்போதாவது. பீட்சாவும் அதே கடற்கரையிலிருந்து வந்ததுதான், ஆனால் இந்தச் சொல்லுக்குள் அது வராது. பெயர்ப்பலகையில் 'செட்டிநாடு' என்று எழுதிய கடைகளெல்லாம் ஆச்சி வீட்டு அடுப்படி ஆகிவிடுவதில்லை, அது போலத்தான்.

'மெடியுஸ்' என்றால் லத்தீனில் நடு. 'தெர்ரா' என்றால் நிலம். இரண்டும் சேர்ந்த 'மெடித்தெரானேயுஸ்' முதலில் கடலைக் குறிக்கவே இல்லை. கடலிலிருந்து விலகிய உள்நாட்டுப் பகுதிக்குத்தான் அந்தப் பெயர். அந்தப் பழைய பொருளில் பார்த்தால் காரைக்குடியும் தேவகோட்டையும்கூட மெடிட்டரேனியன் ஊர்களே. ரோமானியர் அந்தக் கடலை 'நம் கடல்' என்றார்கள். நிலங்களுக்கு நடுவே கிடக்கும் கடல் என்ற பொருளில் இப்பெயர் பின்னாளில்தான் நிலைத்தது.

தமிழில் 'மத்தியதரைக் கடல்' பாடப்புத்தக வழக்கு. 'நடுநிலக்கடல்' அதே பொருளைத் தமிழ்ச்சொற்களால் தருவது. கேட்டவுடன் விளங்கும் என்பதால் இங்கே அதையே எடுத்துக்கொள்கிறோம். 'நண்ணிலக்கடல்' என்றும் எழுதுவதுண்டு: நள் என்றால் நடு, நள் + நிலம் = நண்ணிலம். இதை றன்னகரம் போட்டு 'நன்னிலக்கடல்' என்று எழுதிவிட்டால் கடல் திருவாரூர்ப் பக்கம் போய்விடும்.

'டயட்' என்ற சொல்லில்தான் விஷயம் அதிகம். கிரேக்கத்தில் 'தியைத்தா' என்றால் வாழும் முறை. ஹிப்போகிராட்டஸ் மரபு மருத்துவ நூல்கள் இதன் கீழ் உணவோடு உடற்பயிற்சி, குளியல், தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே பேசின. நம்மிடம் வந்து சேர்ந்தபோது அது சுருங்கிப் பட்டினிக்கு மறுபெயராகிவிட்டது. 'டயட்ல இருக்கேன்' என்றால் 'சோறு வேண்டாம்' என்று பொருள். பத்தியம் என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு, அதுவும் பொருந்தாது. பத்தியம் மருந்தோடு வருவது, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது, நாள் கணக்கு முடிந்தால் முடிந்துவிடுவது. இது முடிவு நாள் இல்லாத அன்றாடச் சாப்பாடு. ஆகவே 'நடுநிலக்கடல் உணவுமுறை' என்பதே சரி. குறளின் மருந்து அதிகாரத்தில் வரும் 'உண்டி'யை வைத்து 'உண்டிமுறை' என்றும் சொல்லலாம், அழகாக இருக்கும். ஆனால் இன்று உண்டி என்றதும் கோயில் உண்டியல்தான் பலருக்கு நினைவுக்கு வரும்.

இந்தப் பெயரை உலகறியச் செய்தவர் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்செல் கீஸ். உணவுக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பைப் பார்க்க 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் 40 முதல் 59 வயதுக்குட்பட்ட சுமார் 12,700 ஆண்கள் இருந்தார்கள். கிரீட்டில் மாரடைப்பு மிகக் குறைவு, கிழக்குப் பின்லாந்தில் மிக அதிகம். நாடுகளைத் தேர்ந்த விதம் சரியில்லை என்ற குறை அந்த ஆய்வின் மேல் இன்றும் உண்டு. அதைவிட வலுவான சான்று ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வு. இதயநோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 7,447 பேரைப் பிரித்து, முதல் இரு குழுக்களை நடுநிலக்கடல் முறைப்படி உண்ணச் சொல்லி, ஒரு குழுவுக்குக் குடும்பத்துக்கு வாரம் 1 லிட்டர் எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய், இன்னொரு குழுவுக்கு நாளுக்கு 30 கிராம் கொட்டைப் பருப்புகள், மூன்றாவது குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லும் ஆலோசனை மட்டும். முதல் இரு குழுக்களிலும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்த எண்ணிக்கை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது, பெரும்பங்கு பக்கவாதத்தில்தான். மொத்த மரணங்களில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. 2013இல் வந்த கட்டுரையை, ஆட்களைக் குழு பிரித்ததில் பிசகு இருந்ததால் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி 2018இல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. 2010இல் யுனெஸ்கோ இந்த உணவுமுறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது சமையலை மட்டும் சொல்லவில்லை. விளைவிப்பது, மீன் பிடிப்பது, கூடி உட்கார்ந்து உண்பது எல்லாம் அதில் அடக்கம். தியைத்தாவின் பழைய பொருள் அங்கே திரும்பி வந்திருக்கிறது.

இனி எண்ணெய். ஆங்கிலத்தின் 'ஆயில்' லத்தீன் 'ஓலெயும்' வழியாகக் கிரேக்க 'எலையோன்' வரை போகிறது. அதற்கு ஆலிவ் எண்ணெய் என்றே பொருள். தமிழில் எள் + நெய் = எண்ணெய். அவர்களுக்கு எண்ணெய் என்றால் ஆலிவ், நமக்கு எள். பிறகு மண்ணெண்ணெய் வரைக்கும் எல்லாம் எண்ணெய் ஆனதால், எள்ளெண்ணெய்க்கு 'நல்'லைச் சேர்த்துத் தனிப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று. ஆலிவுக்குத் தமிழ் விவிலியம் 'ஒலிவ' என்றும் தமிழ் முஸ்லிம்கள் 'சைத்தூன்' என்றும் சொல்வார்கள். செட்டிநாட்டு வளவு வீடுகளுக்கு இத்தாலியிலிருந்து பளிங்கு கப்பலேறி வந்தது. ஆலிவ் எண்ணெய் அடுப்படிக்குள் வரவில்லை. நம் ஊரில் அது வெகுகாலம் குழந்தைக்குத் தேய்க்க மருந்துக்கடையில் வாங்கும் டப்பாதான்.

ஆலிவ் எண்ணெயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. நல்லெண்ணெயில் அது சுமார் 40, பல்நிறைவுறாக் கொழுப்பும் கிட்டத்தட்ட அதே அளவு. உறைகொழுப்பு (நிறைவுற்ற கொழுப்பு) இரண்டிலும் 14 விழுக்காடு அளவில்தான். எனவே நல்லெண்ணெய் ஆலிவின் நகல் அல்ல, ஆனால் நெய், டால்டா, பாமாயில் இருக்கும் இடத்தில் வைத்தால் பயன் ஒரே திசையில்தான் போகும்: எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு குறையும். செக்கில் ஆட்டியதாக இருந்தால் செசமின் போன்ற எள்ளின் சேர்மங்களும் மணமும் கூட வரும். ஆலிவே வேண்டுமென்றால் புட்டியில் 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்று இருக்க வேண்டும். 'பொமாஸ்' என்றிருந்தால் அது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் வைத்து எடுத்துச் சுத்திகரித்தது. ஆலிவின் காரலும் கசப்பும் தரும் சேர்மங்கள் அதில் அநேகமாக மிஞ்சாது.

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்: பழைய எண்ணெயும் நெய்யும் அப்படியே இருக்க, மேலே இரண்டு கரண்டி ஆலிவ். ஒரு மேசைக்கரண்டி எந்த எண்ணெயும் 120 கலோரி. மாற்றாக வந்தால் மருந்து, கூடுதலாக வந்தால் இடுப்புச் சுற்றளவு. நாலு பேர் வீட்டில் மாதம் 2 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 17 மி.லி. அளவில் நிற்கும். அதில் பலகாரம் சுட்ட எண்ணெயைக் கணக்கில் விட்டுவிடுகிறோம் என்பது தனிக்கதை.

பிரெடிமெட் ஆய்வில் ஒருவர் இந்த முறைப்படி உண்கிறாரா என்று பார்க்க 14 கேள்விகள் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று, தக்காளி, வெங்காயம், பூண்டை ஆலிவ் எண்ணெயில் சிறுதீயில் குழைய வதக்கிய 'சொஃப்ரிட்டோ' வாரம் இரண்டு முறையாவது உண்டா என்பது. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் செட்டிநாட்டு மண்டிக்கு அடித்தளம் இதே வதக்கல்தான்.

வெண்டைக்காய் மண்டி நாலு பேருக்கு: உலர்ந்த மொச்சை 50 கிராம், வெண்டைக்காய் 250 கிராம், சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 15 பல், தக்காளி 2, பச்சை மிளகாய் 4, எலுமிச்சை அளவு புளி, அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர் அரை லிட்டர், நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. மொச்சையை இரவே ஊறவைத்து, நன்றாக மசியும் பதத்துக்கு வேகவைத்துக்கொள்ளவும். ஒரு கரண்டி எண்ணெயில் வெண்டைக்காயைத் தனியே கொழகொழப்பு போகும்வரை வதக்கி எடுத்துவைக்கவும். மீதி எண்ணெயில் கடுகு, உளுந்து, வெந்தயம், வரமிளகாய் தாளித்து, வெங்காயத்தையும் பூண்டையும் சிறுதீயில் 10 நிமிடம். பச்சை மிளகாய், தக்காளி சேர்த்து இன்னும் 5 நிமிடம். புளியை அரிசித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, உப்புப் போட்டு, பச்சை வாசம் போய்க் கெட்டியாகும்போது மொச்சையும் வெண்டைக்காயும் சேரும்.

மொச்சை அரைவேக்காட்டில் புளித் தண்ணீருக்குள் போனால் எத்தனை நேரம் கொதித்தாலும் கல்லாகவே நிற்கும், புளிப்பு தோலை இளகவிடாது. தீ அதிகமானால் பூண்டு வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும், குழம்பே கசக்கும். அரிசியின் மாவுச்சத்து அடியில் படிவதால் கிளறாமல் விட்டால் அடிப்பிடிக்கும்.

மண்டி சரிதான், அதைப் பிசைந்து சாப்பிடும் வெள்ளைச் சோறுதான் சிக்கல். நடுநிலக்கடல் முறையின் நார்ச்சத்து முழுத்தானியத்திலும் பயறிலும் இருக்கிறது; தீட்டிய அரிசி மலையாகவும் காய் ஓரத்தில் தொட்டுக்கொள்ளவும் என்றிருந்தால் நல்லெண்ணெயால் ஒன்றும் ஆகாது. இலையில் பாதி இடம் காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பயறோ மீனோ என்று மாற்றுவதுதான் முதல் வேலை. வாரம் சில நாள் கேப்பை, கம்பு, குதிரைவாலி. கவுனி அரிசி உமி மட்டும் நீக்கிய கறுப்பரிசி, அருமையான முழுத்தானியம். ஆனால் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் சேர்ந்த பின் அது இனிப்புக் கணக்கில்தான் வரும். உளுந்தில் செய்தாலும் கும்மாயம் என்ற செட்டிநாட்டு இனிப்பும் அப்படியே. கடையில் வாங்கும் இனிப்பு அந்த 14 கேள்விகளின்படி வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவு.

மீனுக்குச் செட்டிநாட்டிலிருந்து தொண்டிக் கடற்கரை பக்கம்தான். விலை மீன் தேட வேண்டாம், மத்தி, அயிலை, நெத்திலியில்தான் ஒமேகா-3 அதிகம். பொரிக்காமல் குழம்பாக வைத்தால் போதும். கொட்டைப் பருப்பு 30 கிராம் என்றால் ஒரு கைப்பிடி. வாதுமை, அக்ரூட் விலை கட்டாவிட்டால் அவித்த நிலக்கடலை. உப்புக்கண்டம், மோர்மிளகாய், வத்தல், அப்பளம், ஊறுகாய் இவற்றில் ஏதேனும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பு, எல்லாம் சேர்த்து, நாளுக்கு 5 கிராமுக்குள்.

மூல முறையில் உணவோடு கொஞ்சம் ஒயினும் உண்டு. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை; பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும், ஆகவே அளவை ஒரே சீராக வைத்து மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பயறும் பழமும் கொட்டைப் பருப்பும் எவ்வளவு என்பதை, பொட்டாசியம் பரிசோதனையைப் பார்த்த பிறகே உணவியல் வல்லுநர் முடிவு செய்வார்.