பின்னூட்டம்: சொல்லின் பொருளும் தலைமைப் பொறுப்பில் அதன் பயனும்

அலுவலகத்தில் “அவருக்கு ஃபீட்பேக் கொடுத்தாச்சு” என்றால், குறையைச் சொல்லியாயிற்று என்றே பெரும்பாலும் பொருள். “கஸ்டமர் ஃபீட்பேக்” என்றால் வாடிக்கையாளர் கருத்து. ஆண்டிறுதி அப்ரைசலில் அதே சொல்லுக்கு மதிப்பெண் என்ற சாயல் வந்துவிடுகிறது. இப்படிப் பல இடங்களில் புழங்கி அந்தச் சொல்லின் உட்கரு தேய்ந்துவிட்டது. ஓர் அமைப்பு வெளியிடும் விளைவில் ஒரு பகுதி அதன் உள்ளீட்டுக்கே திரும்பி வந்து, அடுத்து அது செய்யப்போவதை மாற்றுவதுதான் ஃபீட்பேக். தமிழில் பின்னூட்டம்.

இந்த வரையறையில் இரண்டு வினைகள் உண்டு: திரும்பி வருதல், மாற்றுதல். ஒரு மேலாளரைப் பற்றி அவருடைய குழு நினைப்பது அவர் காதுக்கு எட்டாவிட்டால் அது புறணியாகத் தங்கிவிடும். எட்டியும் அவர் நடப்பில் ஒன்றும் மாறாவிட்டால், தகவல் என்ற அளவோடு நின்றுவிடும். தன் செயல் பிறர்மேல் எப்படி விழுகிறது என்று தெரிந்து, தெரிந்தே நடக்க விரும்பும் தலைவருக்கு இவ்விரண்டும் சேர்ந்த முழுச் சுற்று வேண்டும்.

எங்கிருந்து வந்தது

சொல் பிறக்கும் முன்பே பொருள் இருந்தது. ஜேம்ஸ் வாட் 1788-இல் தன் நீராவி எந்திரத்தில் ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினார். எந்திரம் வேகமாக ஓடினால் சுழலும் இரண்டு குண்டுகள் வெளிப்புறமாக விரியும்; அந்த விரிவே நீராவி வரும் வாயிலைக் கொஞ்சம் மூடும்; வேகம் தணியும். அந்தக் கருவிக்குப் பெயர் கவர்னர்.

ஃபீட்பேக் என்ற பெயர்ச்சொல் நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரேடியோ, தொலைபேசிச் சுற்றுகளில். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமொன்றின் பெல் ஆய்வகத்தில் பொறியாளராக இருந்த ஹெரால்ட் பிளாக் எதிர்கொண்ட சிக்கல் இது: நெடுந்தொலைவுத் தொலைபேசி இணைப்பில், மெலியும் குரலை வலுப்படுத்தும் பெருக்கிகள் பல வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் குரலைச் சிறிது சிதைக்கும். சிதைவின்மேல் சிதைவு சேர்ந்து, மறுமுனையில் பேச்சு புரியாமல் போகும். 1927 ஆகஸ்ட் 2 அன்று ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது அவருக்கு விடை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் அச்சுப் படியாத பக்கத்தில் வரைந்து வைத்தார். பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை எடுத்து, தலைகீழாக்கி, உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்புவது. பெருக்கும் ஆற்றல் கணிசமாகக் குறையும். பதிலுக்குச் சிதைவு பெருமளவு குறையும். தன் வேகத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத மேலாளருக்குப் பின்னூட்டம் வேலை செய்யாது என்பதற்கான காரணம் இந்தப் பழைய சுற்றிலேயே இருக்கிறது: துல்லியம் இலவசமாகக் கிடைப்பதில்லை.

1948-இல் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் இந்தக் கருத்தை எந்திரம், உயிர் இரண்டுக்கும் பொதுவாக்கி, அத்துறைக்கு சைபர்னெடிக்ஸ் என்று பெயரிட்டார். சுக்கான் பிடிப்பவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர். கவர்னர் என்பதும் லத்தீன் வழியாக அதே வேரிலிருந்து வந்தது. பழந்தமிழில் சுக்கான் பிடிப்பவர் மீகாமன். கப்பல் விலகும் அளவைப் பார்த்துப் பார்த்துச் சுக்கானைத் திருப்புவதே அவர் வேலை.

மனிதர்களின் பழக்கத்துக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர் சமூக உளவியலாளர் கர்ட் லெவின். 1946-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டனில் அவர் நடத்திய ஒரு பயிற்சிப் பட்டறையில், பகலில் நடந்த குழு உரையாடல்களைப் பற்றி ஆய்வாளர்கள் மாலையில் கூடிப் பேசுவார்கள். பயிற்சிக்கு வந்த சிலர் அந்தக் கூட்டத்தில் உட்கார அனுமதி கேட்டார்கள். தங்கள் நடத்தையைப் பிறர் விவரிப்பதைக் கேட்டு, மறுத்து, விவாதித்தபோது, வகுப்பில் கற்றதைவிட அதிகம் கற்றார்கள். 1947 கோடையில் மேய்ன் மாநிலத்தின் பெத்தல் ஊரில் இதுவே முறையான பயிற்சியாகத் தொடங்கியபோது லெவின் உயிரோடு இல்லை. இதே மரபில் 1955-இல் உளவியலாளர்கள் ஜோசப் லுஃப்ட், ஹாரி இங்காம் இருவரும், நம்மைப் பற்றி நமக்கும் பிறருக்கும் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துக் காட்டும் ‘ஜோஹரி சாளரம்’ வரைந்தார்கள். அதன் நான்கு கட்டங்களில் ஒன்று, பிறருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது. தனியே உட்கார்ந்து எவ்வளவு யோசித்தாலும் அந்தக் கட்டம் சுருங்காது. வெளியிலிருந்து யாராவது சொல்ல வேண்டும்.

தமிழில்

உண் என்பதன் பிறவினை ஊட்டு. அதிலிருந்து ஊட்டம். பின் + ஊட்டம், தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற விதிப்படி பின்னூட்டம். தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியலில் அலை இயற்றி (ஆசிலேட்டர்) பாடம் படித்தவர்களுக்குப் ‘பின்னூட்டச் சுற்று’ பழகிய சொல். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தமிழ் வலைப்பதிவர்கள் வாசகர் குறிப்புகளுக்கு இதே சொல்லை எடுத்துக்கொண்டதால், ‘பதிவுக்குப் பின்னால் எழுதுவது’ என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. இலங்கைக் கல்வித் துறையில் பின்னூட்டல் என்ற வடிவமும் வழங்குகிறது.

மாற்றாகச் சொல்லப்படும் கருத்து, மறுமொழி, எதிர்வினை, விமர்சனம், மதிப்பீடு எல்லாம் நல்ல சொற்கள்தான். ஆனால் எதிலும் ‘திரும்பச் செலுத்துதல்’ இல்லை. ஊட்டம் என்ற சொல்லில் உணவின் பொருளும் இருப்பதால், வாங்குபவர் அதைச் செரித்துப் பயன்படுத்த வேண்டும் என்பதும் உள்ளேயே வந்துவிடுகிறது. ஆகவே பணியிடத்துக்குப் பின்னூட்டம் என்பதையே பரிந்துரைக்கிறோம். கேட்பதும் மாறுவதும் உள்ள இடத்தில் மட்டும் அதை எழுதுங்கள். வாடிக்கையாளர் எழுதிப் போடும் சீட்டுக்குக் ‘கருத்து’ போதும்.

பழைய தமிழில் இதற்கு நெருங்கிய சொல் இடித்துரை. ஆள்பவனின் பிழையை அவன் முகத்துக்கு நேரே சொல்வது. இடிப்பாரை இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாவிட்டாலும் கெடுவான் என்கிறது குறள் 448. செவி கைக்கும்படி சொல்வதைப் பொறுக்கும் பண்பை 389ஆம் குறள் வேந்தனிடம் எதிர்பார்க்கிறது. இடித்துரை எதிர்மறையை மட்டுமே சுட்டுவதால் முழு நிகராகாது. ஆனால் அரசனின் பொறுப்பு கேட்பது என்று வைத்த பார்வை, இன்றைய மேலாளர் பயிற்சிகள் பலவற்றில் காணாமற்போன ஒன்று. அவை ஃபீட்பேக் ‘கொடுக்க’ கற்றுத்தருகின்றன. வாங்குவதற்கு அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை.

நேர், எதிர்: பெரிய குழப்பம்

‘பாசிட்டிவ் ஃபீட்பேக்’ என்றால் பாராட்டு, ‘நெகட்டிவ்’ என்றால் குறை என்பது அலுவலக வழக்கு. பொறியியலில் பொருள் வேறு. விலகலைக் குறைத்து இலக்கை நோக்கித் திருப்புவது எதிர்ப் பின்னூட்டம். விலகலை மேலும் பெருக்குவது நேர்ப் பின்னூட்டம். ஒலிபெருக்கியின் ஓசை மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி உள்ளே போய் ‘கீச்’ என்று அலறுவது நேர்ப் பின்னூட்டம். மேலாளர் சத்தம் போட, குழு கெட்ட செய்தியை மறைக்க, மறைத்தது வெளியே வந்ததும் அவர் இன்னும் சத்தம் போடுவதும் அதே வகைதான். இங்கே யாரும் யாரையும் பாராட்டவில்லை. ஆனாலும் இது நேர்ப் பின்னூட்டம். அலுவலகத்தில் பேசும்போது பாராட்டு, திருத்தம் என்றே சொல்லிவிட்டால் குழப்பம் இராது.

சுற்றின் உறுப்புகள்

எந்தச் சுற்றுக்கும் நான்கு உறுப்புகள் வேண்டும்: வெளியீடு, அதை அளக்கும் உணரி, ஒப்பிட ஓர் இலக்கு, திருத்தும் கை. “நான் நல்ல லீடரா?” என்று கேட்பவரிடம் இதில் ஒன்றும் இல்லை. “வாரக் கூட்டத்தில் நான் அதிகம் பேசுகிறேனா?” என்பதில் வெளியீடு தெளிவாக இருக்கிறது. ஆறு பேர் இருக்கும் அரை மணி நேரக் கூட்டத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை என்பது இலக்கு. கூட்டத்தில் ஒருவர் செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் உங்கள் பேச்சை மட்டும் அளந்தால் அது உணரி. ஆன்லைன் கூட்டமானால் பதிவை ஓடவிட்டு நீங்களே அளக்கலாம். ஒரே நேரத்தில் ஒரு பழக்கம் போதும், குறைந்தது நான்கு கூட்டங்களுக்கு. மூன்றை ஒன்றாக மாற்றினால் எது எதனால் மாறியது என்று தெரியாது.

எண்ணால் அளக்க முடியாதவற்றுக்கு மனிதர்களே உணரி. உங்களுக்குக் கீழே வேலை செய்யும் ஒருவர், உங்கள் நிலையில் ஒருவர், உங்கள் குழுவின் வேலையை வாங்கிக்கொள்ளும் வேறு குழுவில் ஒருவர். மூவரிடமும் கூட்டத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள்: “யாரையாவது நான் பேச விடாம வெட்டினா குறிச்சு வைங்க, நாளைக்குக் கேக்கறேன்.” முன்கூட்டியே சொல்லாமல், முடிந்ததும் “எப்படிப் போச்சு?” என்று கேட்டால் கிடைக்கும் விடை “நல்லாப் போச்சு சார்” தான். அவர் எதையும் கவனித்திருக்க மாட்டார். கவனித்திருந்தாலும், தன் இன்க்ரிமென்ட்டை முடிவு செய்பவரிடம் சொல்ல மாட்டார். பதவி உயர உயர வந்து சேரும் குறிகை (சிக்னல்) மெலியும். அதனால் கேள்வியிலேயே குறைக்கு இடம் வைத்துக் கேட்க வேண்டும்: “இன்னைக்கு நான் ஒண்ண வேற மாதிரி செஞ்சிருக்கலாம்னா எதை?” கேட்டபின் வாயைத் திறக்காமல் பத்து விநாடி இருங்கள். “தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு சொல்லட்டுமா மேடம்?” என்ற தொடக்கத்துக்குப் பின்னால்தான் பெரும்பாலும் உண்மையான செய்தி வரும். அந்த நேரத்தில் “இல்ல, நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா…” என்று குறுக்கிட்டால் அந்த வாய் ஓராண்டுக்குத் திறக்காது. அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் மொழிக்கு மாற்றாமல். ஒரு வாரத்துக்குள் திரும்பிப் போய், எதை மாற்றப் போகிறீர்கள், எதை மாற்ற முடியாது, ஏன் என்று சொல்லுங்கள்.

நீங்கள் பிறருக்குச் சொல்லும்போது, சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற தலைமைப் பயிற்சி அமைப்பு வகுத்த வரிசை உதவும்: சூழல், நடத்தை, விளைவு. “நீங்க பொறுப்பில்லாம இருக்கீங்க” என்பதில் மூன்றும் இல்லை. “செவ்வாய்க்கிழமை ரிவ்யூல ரிப்போர்ட் பத்து நிமிஷம் தாமதமா வந்துச்சு, அதனால கிளையன்ட் கேட்ட கேள்விக்கு நம்மால பதில் சொல்ல முடியலை” என்பதில் மூன்றும் இருக்கின்றன. குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996-இல் அறுநூறுக்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, சராசரியாகப் பின்னூட்டம் செயல்திறனை உயர்த்தினாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஒப்பீடுகளில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதன்மேல் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பாராட்டுக்கும் இது பொருந்தும்: “நீங்க சூப்பர்” என்பதைக் கேட்டவருக்கு நாளை எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று தெரியாது.

எங்கே கெடும்

முதல் பகை தாமதம். ஹீட்டர் குழாயைத் திருகிச் சுடுநீர் வர நேரமானால், பொறுக்காமல் இன்னும் திருகுவோம். பிறகு கொதிநீர் வந்து கையைச் சுடும். உடனே எதிர்ப்பக்கம் திருகுவோம். ஏப்ரலில் செய்ததற்கு அடுத்த மார்ச்சில் அப்ரைசல் என்றால் இதே ஊசலாட்டம்தான். கூட்டத்தைப் பற்றிய கேள்வி மறுநாளுக்குள், திட்டத்தைப் பற்றியது முடிந்த வாரத்துக்குள் நடந்துவிட வேண்டும். அமெரிக்க ராணுவம் 1970களில் வளர்த்தெடுத்த செயலுக்குப் பிந்தைய ஆய்வு, பயிற்சி முடிந்த சூட்டிலேயே நடப்பது: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்து என்ன. படைத்தலைவரும் தன் பிழையை அங்கே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அளவுமீறிய திருத்தம். ஒருவர் “கறாரா இருக்கீங்க” என்றதும் எல்லாவற்றையும் தளர்த்தி, அடுத்த வாரம் இன்னொருவர் “முடிவே எடுக்க மாட்டேங்கறீங்க” என்றதும் மறுபடி இறுக்கும் தலைவரால் குழு களைத்துப்போகும். ஒருவர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரையொருவர் கலக்காமல் இருவர் சொன்னால் திருத்துங்கள்.

மூன்றாவது இரைச்சல். மேலே, கீழே, சமநிலையில் இருப்பவர்கள் என எல்லாத் தரப்பினரும் ஒருவரை மதிப்பிடும் 360 பாகை மதிப்பீடுகளில், எழுதியவர் பெயரை மறைக்க ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது வழக்கம். இரண்டே பேர் உள்ள குழுவில் அதைச் செய்தால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். தெரியும் என்பதால் எல்லோரும் நடுமதிப்பெண் போடுவார்கள். அந்த முடிவுகளைச் சம்பள உயர்வோடு கட்டினாலும் இதே கதிதான்.

தனக்குத் தானே

பிறர் துணையில்லாமல் ஓடக்கூடிய ஒரு சுற்றும் உண்டு. மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1999-இல் பின்னூட்டப் பகுப்பாய்வு என்ற பெயரில் எழுதிய முறை: முக்கியமான முடிவு எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வையுங்கள், 9 முதல் 12 மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடுங்கள். ஒரு நோட்டுப் போதும். தேதி, முடிவு, எதிர்பார்க்கும் விளைவு, அதற்கான காரணம், அப்போது இருந்த மனநிலை என ஐந்து வரி. “நல்லா போகும்” என்று எழுதினால் ஒப்பிட ஒன்றும் இருக்காது; “புதிதாகச் சேர்த்தவர் ஆறு மாதத்துக்குள் தனியாகக் கிளையன்ட்டைச் சமாளிப்பார்” என்று எழுதுங்கள். எழுதியதை நடுவில் திருத்தக்கூடாது. நினைவு தானாகவே தன் கணிப்பை நடந்ததற்கேற்பத் திருத்திக்கொள்ளும், அதைத் தடுக்கத்தான் தாள். பெரும்பாலோர் எழுதிவிடுகிறார்கள், திரும்பிப் பார்க்கும் நாளைத்தான் விட்டுவிடுகிறார்கள். எழுதும் அன்றே, ஒன்பது மாதம் கழித்து வரும் ஒரு தேதியைச் செல்போன் காலண்டரில் போட்டு, நோட்டின் பக்க எண்ணையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.