3+ போட்ட சிவப்பு வண்டி

காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த அன்று வீடே ரணகளமாக இருந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் அவள் மகன், செல்போனில் ஒரு கார் பந்தய விளையாட்டுக்குள் 399 ரூபாய் கொடுத்துச் சிவப்பு வண்டி ஒன்று வாங்கிவிட்டான். கார்டு ஏற்கெனவே போனில் பதிந்திருந்தது. ஓடிபியும் அதே போனுக்குத்தான் வரும். ஆறு எண்ணை அடிக்க அவனுக்குத் தெரியாதா என்ன?

“நீங்களே பாருங்க மாமா, 3+னுதானே போட்டிருக்கு. எனக்கு எட்டு வயசு” என்றான்.

கணக்கு சரிதான். ஆனால் ஆப்பின் பக்கத்தில் போட்டிருக்கும் அந்த வயது எண் எதை அளக்கிறது என்பது அவனுக்கும் தெரியாது, அவனைத் திட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கும் தெரியாது. திரையில் என்ன தெரியும், காதில் என்ன விழும் என்பதை மட்டும்தான் அது அளக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆட வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ரத்தமோ கெட்ட வார்த்தையோ பயமுறுத்தும் காட்சியோ இல்லை, அவ்வளவுதான். சாதாரண சதுரங்க ஆப்புக்கும் 3+ கிடைக்கும். எங்கள் வீட்டில் மூன்று வயதுக்காரர்கள் குதிரையை எடுத்து வாயில்தான் போடுவார்கள்.

சரி, இந்த எண்ணை யார் போடுகிறார்கள்? யாரோ அதிகாரி உட்கார்ந்து ஒவ்வொரு விளையாட்டையும் ஆடிப் பார்ப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். பிளே ஸ்டோரில் அப்படி நடப்பதில்லை. 2013-ல் தொடங்கிய ஐ.ஏ.ஆர்.சி. என்ற சர்வதேச அமைப்பு ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறது. 2015 முதல் பிளே ஸ்டோர் அதைப் பயன்படுத்துகிறது. விளையாட்டைச் செய்தவரே பதில்களை நிரப்புகிறார். சண்டை உண்டா? அடிபடுவது மனிதனா, கற்பனைப் பிராணியா? ரத்தம் தெரிகிறதா? சூதாட்டம் போல ஏதாவது வருகிறதா? பதில்களை வைத்து, அந்தந்த நாட்டு விதிப்படி கணினியே எண்ணைக் கணக்கிட்டுவிடும். நம் ஊரில் தெரிவது அதன் பொது அளவுகோல்: 3, 7, 12, 16, 18.

மாமரத்துக்காரர் சொன்ன ரகத்தையே கூடையைப் பிரிக்காமல் சீட்டில் எழுதிக்கொள்ளும் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். புகார் வந்தால் பிரித்துப் பார்ப்பார்கள், தப்பாக இருந்தால் மாற்றுவார்கள். லட்சக்கணக்கில் ஆப் குவிகிற இடத்தில் வேறு வழியும் இல்லை.

இந்த அளவுகோலில் எனக்குப் பிடித்தது, ஒரே துப்பாக்கிக்கு நான்கு வயது போட முடியும் என்பது. இதே எண்களைப் போடும் ஐரோப்பாவின் பெகி முறையைப் பாருங்கள். கார்ட்டூன் தனமாகச் சுட்டு, எதிரி புஸ்ஸென்று மறைந்தால் 7. சுடப்படுவது மனித உருவமாக இருந்தும் நிஜம் போல இல்லாவிட்டால் 12. நிஜத்தில் சுட்டது போலவே தெரிந்தால் 16. கொடூரமாகவோ, காரணமே இல்லாமலோ, தற்காத்துக்கொள்ள முடியாதவனையோ கொல்வது 18. அதாவது, சுடுகிறார்களா என்பதைவிட எப்படிக் காட்டுகிறார்கள் என்பதே கேள்வி.

டிவியில் மாட்டி ஆடும் பெரிய விளையாட்டுகளுக்கு ஆட்களே பார்த்து எண் போடுவதும் உண்டு. ‘மார்ட்டல் காம்பாட்’ என்ற சண்டை விளையாட்டின் ரத்தக் காட்சிகளைப் பற்றி 1993-ல் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்து, அடுத்த ஆண்டே வயது எண் போட இ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பு வந்தது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் வீடியோ பார்த்து முடிவு செய்கிறார்கள். அதிலும் ஓட்டை இருந்தது. ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ என்ற விளையாட்டின் வட்டுக்குள் பூட்டிவைத்திருந்த ஓர் ஆபாசக் காட்சியை 2005-ல் யாரோ திறந்துவிட, 17+ ஆக இருந்தது பெரியவர்களுக்கு மட்டும் என்று மாறியது. வீடியோவில் காட்டாததை யார் பார்ப்பது?

இனி அக்காவின் 399 ரூபாய்க்கு வருவோம். அந்த 3+ஐத் தொட்டதும், கூடவே ஒரு வரி இருந்தது: ஆப்புக்குள் வாங்கும் வசதி உண்டு. சில விளையாட்டுகளில் பயனர்கள் பேசிக்கொள்ளலாம் என்றும் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவன் ஹெட்போனில் பிள்ளையைக் கெட்ட வார்த்தையில் திட்டலாம் என்பதற்கு நாகரிகமான பெயர் அது. இவற்றுக்காக எண் பெரும்பாலும் கூடுவதில்லை. ஜெர்மனியில் வயது எண் போடும் யூ.எஸ்.கே. அமைப்பு 2023 முதல் இவற்றையும் கணக்கில் எடுக்கிறது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. எட்டு வயதுப் பையனுக்கு ஒரு துளி ரத்தத்தைவிட ‘வாங்கு’ பொத்தான்தான் கிட்டத்தில் இருக்கிறது.

பிளே ஸ்டோர் அமைப்புகளில் பெற்றோர் கட்டுப்பாட்டைத் திறந்து, 7+ வரை என்று வைத்து, பின் நம்பர் போட்டோம். ஏற்கெனவே இறங்கியிருப்பதை அது தொடாது. பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை இறக்க வாட்ஸ்அப்பில் நண்பன் அனுப்பும் ஏபிகே கோப்பையும் தடுக்காது. அப்புறம், எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றி, கார்டையும் நீக்கினோம்.

விளையாட்டையே அழித்துவிடலாமே என்றேன். “399 ரூபாய் குடுத்திருக்குது, ஓட்டட்டும் விடு” என்றாள் அக்கா.