எஞ்சின் இறக்கிச் செய்த காருக்கு எவ்வளவு ஒயில்? ஒயில் மட்டம் பாக்கிற குச்சியை மட்டும் நம்பாதேங்கோ

போன மாரிக்கு முதல் சாவகச்சேரிப் பக்கத்தில இருந்து ஒரு அண்ணை தன்ர ரொயோட்டாவைக் கொண்டு வந்தவர். வேற ஒரு இடத்தில எஞ்சின் இறக்கி பிஸ்ரன் ரிங், பெயரிங் எல்லாம் புதுசு போட்டுக் கட்டி ரெண்டு மாசமும் ஆகேல்லை. எஞ்சின்ர பின் பக்கத்து ஒயில் சீலால ஒயில் ஒழுகுது எண்டு ரெண்டு தரம் கியர்பொக்ஸ் கழட்டி சீல் மாத்தியாச்சு, பேந்தும் ஒழுகுது, சைலன்சரால நீலப் புகை வேற, ரிங் சரியாப் போடேல்லை எண்டு அண்ணைக்கு ஒரே கோவம். நான் குச்சியை இழுத்துப் பாத்தன், ரெண்டு கோட்டுக்கும் நடுவில நல்ல வடிவா நிக்குது. எண்டாலும் மனசு கேக்கேல்லை, சம்ப் (எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தொட்டி) நட்டைக் கழட்டி முழு ஒயிலையும் அளவுக் கானுக்க இறக்கினா 5 லீற்றர் தாண்டிப் போகுது. அந்த ரொயோட்டாவில இருக்கிற 1என்இசட் எஞ்சினுக்கு பில்டரோட சேத்து 3.7 லீற்றர் தான் கணக்கு.

பிழை சீலிலயும் இல்லை, ரிங்கிலயும் இல்லை. குச்சி அந்த எஞ்சின்ர குச்சியே இல்லை. பழசு முறிஞ்சு போச்செண்டு பழைய சாமான் கடையில ஒண்டு வாங்கிச் செருகி இருக்கினம், அது நுனியில ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் கட்டை. கட்டைக் குச்சி எப்பவும் ஒயில் காணாது எண்டு தான் சொல்லும், நாங்களும் ஊத்திக்கொண்டே இருப்பம்.

கூட இருந்தா நல்லது தானே எண்டு கன பேர் நினைக்கினம். ஒயில் மட்டம் ஏறினா கிராங்க் (பிஸ்ரனுகள் சுத்திற தண்டு) சுத்தேக்க அதில போய் அடிக்கும், முட்டைக்கோப்பிக்கு முட்டை அடிக்கிற மாதிரி நுரை தள்ளும், பம்ப் அந்த நுரையை இழுத்து பெயரிங்குக்கு அனுப்பும், நுரையில பாதி காத்து தானே, பேந்து எங்க பெயரிங்கைத் தாங்கிறது. மிச்சம் பிறீதர் (எஞ்சினுக்க இருக்கிற காத்து வெளிய போற குழாய்) வழியா, எஞ்சின் காத்து இழுக்கிற இன்ரேக்குக்குப் போய் எரியும், அது தான் அந்த நீலப் புகை. டீசல் எஞ்சின் எண்டா இன்னும் பயம், உள்ளுக்க வாற ஒயிலையே எரிச்சுக்கொண்டு திறப்பை ஓவ் பண்ணினாலும் நிக்காமல் ஓடும்.

சரி, எப்பிடி அளக்கிறது. காரின்ர புத்தகத்தில ஒரே எஞ்சினுக்கு மூண்டு கணக்கு இருக்கும், இதை வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ. 1என்இசட்டுக்கு பில்டர் மாத்தாமல் எண்டா 3.4, பில்டரோட 3.7, முழுசாக் கழட்டிக் காய்ஞ்ச எஞ்சினுக்கு 4.1 லீற்றர். சும்மா ஒயில் மாத்தேக்க துளைகளுக்கயும் பம்புக்கயும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிண்டிடும், கழுவித் துடைச்சுக் கட்டின எஞ்சினுக்க ஒரு சொட்டும் இல்லை, அது தான் அந்த 0.4 வித்தியாசம்.

நான் செய்யிறது, முதல் 3.7 அளந்து ஊத்துவன். பிளக் கழட்டிப்போட்டு ஒயில் லைற் அணையும் மட்டும் ஸ்ராட்டர் சுத்துவன். பேந்து பிளக் பூட்டி ஸ்ராட் பண்ணி ரெண்டு மூண்டு நிமிசம் ஓடவிட்டு, நிப்பாட்டி, ஒரு பத்து நிமிசம் பேசாமல் இருப்பன் (பொடியங்களுக்கு ரீ குடிக்க நேரம்). ஸ்ராட் பண்ண முதல் குச்சி பாக்கிறதில பிரயோசனம் இல்லை, பில்டருக்க இன்னும் ஒயில் போகேல்லை, மட்டம் கூடத் தான் காட்டும், அதைப் பாத்து ஒயிலை இறக்கிப்போட்டு ஸ்ராட் பண்ணின ஆக்களையும் கண்டிருக்கிறன். பத்து நிமிசத்துக்குப் பிறகு மிச்ச 0.4ஐ கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி முடிய குச்சி மேல் கோட்டில நிக்கோணும். லீற்றர்க் கணக்கும் கோடும் பொருந்தினா குச்சி சரி. பொருந்தேல்லை எண்டா குச்சியைச் சந்தேகப்படுங்கோ, அரத்தால புதுக் கோடு போடுங்கோ. கார் நிக்கிற இடமும் மட்டமா இருக்கோணும், யாழ்ப்பாணத்தில மலை இல்லைத் தான், ஆனா முத்தத்து மணலில ஒரு சில்லு புதைஞ்சு நிண்டாலே காணும்.

சம்ப்பே வேற எஞ்சின்ர எண்டா புத்தகக் கணக்கும் உதவாது. அதுக்கு சம்ப் பூட்ட முதலே குச்சியைச் செருகிப் பாக்கோணும், மேல் கோடு கிராங்க் சுத்தி வாற ஆகக் கீழ் இடத்துக்குக் கீழ நிக்கோணும், பம்ப் ஒயில் உறிஞ்சிற வடி கீழ்க் கோட்டுக்கு நல்லாக் கீழ இருக்கோணும்.

ஒஸ்ரின், மொறிஸ் வச்சிருக்கிற ஐயாமாருக்கு ஒண்டு. உங்கட புத்தகத்தில பைந்திலை தான் இருக்கும், இங்கிலாந்துப் பைந்து 568 மில்லி. அமெரிக்காப் பைந்து 473 மில்லி, போனில பாத்துக் கணக்குப் போடேக்க அது மாறிச்செண்டா ஏழு பைந்துக்கு மூண்டில ரெண்டு பங்கு லீற்றருக்குக் கிட்டக் குறையும்.

குறையிறதை விட மட்டம் ஏறிறது தான் எனக்குப் பயம். தொண்ணூறுகளில பெற்றோல் தடை, காபரேட்டருக்கு ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில கார் ஓடின காலம், எரியாத மண்ணெண்ணெய் ரிங்கால இறங்கி ஒயிலோட கலந்து தண்ணி மாதிரி ஆக்கும், குச்சியில பாத்தா ஒயில் கூடியிருக்கும். இப்பவும் செய்த எஞ்சினைக் கொண்டு வந்து "தம்பி, ஒரு சொட்டும் குடிக்குதில்லை, கூடத் தான் செய்யுது" எண்டு சந்தோசமாச் சொல்லுவினம். குச்சியை மணந்து பாருங்கோ, பெற்றோல் மணந்தா இன்ஜெக்ரரோ பழைய காரில பெற்றோல் பம்போ ஒழுகுது. பால் ரீ நிறத்தில இருந்தா ஹெட் கஸ்கற்றால தண்ணி இறங்குது. ரெண்டுக்கும் காரை ஓடாதேங்கோ.

புது ரிங் படியும் வரைக்கும் கொஞ்சம் ஒயில் குடிக்கத் தான் செய்யும், முதல் 1000 கிலோமீற்றருக்கு விடிய எஞ்சின் குளிரா இருக்கேக்க ஒருக்காப் பாருங்கோ. கராஜில இருந்து காரை எடுக்கேக்க எத்தினை லீற்றர் ஊத்தினது எண்டு கேட்டு பொனற்றுக்க எழுதி வையுங்கோ. சாவகச்சேரி அண்ணையின்ர காருக்கு சரியான நீளத்துக் குச்சி கிடைக்க மூண்டு கிழமை பிடிச்சுது, அது மட்டும் குச்சியை நம்பாமல் 3.7 லீற்றர் அளந்து ஊத்தி ஓடவிட்டன், கட்டைக் குச்சியில பாத்தா ஒயில் நுனியிலயும் படேல்லை. பின் சீல் அதுக்குப் பிறகு ஒழுகேல்லை.